பலரும் எடுக்கும் கருவியா, பிடித்த கருவியா?

ஒரு கடைத்தெருவில் அடுத்தடுத்து இரண்டு உணவு விடுதிகள் இருக்கின்றன. ஒன்றில் கூட்டம் நிரம்பி வழிகிறது. மற்றதில் நாலைந்து பேர்தாம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்குப் புதியவரான நீங்கள் எதில் நுழைவீர்கள்? பெரும்பாலோர் கூட்டமுள்ள விடுதியில்தான் நுழைவர். 'இத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்றால் நன்றாகத்தான் இருக்கும்' என்பது நம் கணக்கு. நீங்கள் நுழைந்ததும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் கூடிவிடுகிறார். அடுத்து வருபவர் உங்களையும் சேர்த்து எண்ணுகிறார். முதலில் வந்தவர்கள் எதனால் அங்கே நுழைந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இணையப் பக்கங்களை உருவாக்கும் தொழிலிலும் இதே நிலையைக் காணலாம். இத்தொழிலைக் கற்க விரும்பும் மாணவர் ஒருவரின் முன் ரியாக்ட், ஆங்குலர், வியூ, ஸ்வெல்ட் எனப் பல கருவிகள் வந்து நிற்கின்றன. ஒன்றை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். மற்றொன்றைச் சிலரே பயன்படுத்துகிறார்கள். ஆனால் பயன்படுத்தியவர்கள் அதை மிகவும் பாராட்டுகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? தேர்வு தவறினால் மாணவருக்குப் பல மாத உழைப்பு வீணாகலாம். அவர் உருவாக்கும் பக்கத்தைத் திறக்க முயலும் ஏழைப் பயனாளருக்கோ, அந்தப் பக்கம் திறக்காமலே போகலாம். ஆகவே இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முன்புறத்தின் மூன்று அடுக்குகள்

ஓர் இணையதளத்திற்கு முன்புறம், பின்புறம் என்று இரு பகுதிகள் உண்டு. தகவல்களைச் சேமித்து வைத்துக் கேட்கும்போது எடுத்துத் தருவது பின்புறம். நம் கண்முன் திரையில் தோன்றுவது முன்புறம். நாம் பேசப்போவது முன்புறத்தைப் பற்றி மட்டுமே.

குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகளுக்குத் தெரிந்த அடிப்படை மொழிகள் மூன்று. முதலாவது எச்.டி.எம்.எல். இது தலைப்பு, பத்தி, படம், படிவம் ஆகியவை எங்கெங்கே வரவேண்டும் என்று சொல்லும். இரண்டாவது சி.எஸ்.எஸ். நிறம், அளவு, இடைவெளி ஆகிய தோற்றத்தை இது கவனித்துக்கொள்ளும். மூன்றாவது ஜாவாஸ்கிரிப்ட். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும் என்று கட்டளையிடுவது இதன் வேலை. இம்மொழியை 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் வடிவமைத்தார்.

உலாவி எச்.டி.எம்.எல்.லைப் படித்ததும் அதை ஒரு மரம்போல் தன் நினைவகத்தில் அமைத்துக்கொள்கிறது. பக்கம் முழுவதும் அடிமரம். அதன் பகுதிகள் கிளைகள். எழுத்தும் படமும் இலைகள். திரையில் ஏதேனும் மாறவேண்டுமானால், ஜாவாஸ்கிரிப்ட் இந்த மரத்தில் ஓர் இலையைக் கிள்ளவேண்டும், அல்லது ஒரு கிளையை ஒட்டவேண்டும். இந்த மூன்று மொழிகளையும் இந்த மரத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கருவிகள் எல்லாம் இவற்றின்மேல் ஏறி நிற்பவைதாம். அவற்றுள் சிலவற்றை லைப்ரரி என்றும், சிலவற்றை ஃபிரேம்வொர்க் என்றும் நிரலாளர்கள் அழைப்பார்கள். நாம் பொதுவாகக் 'கருவி' என்றே சொல்வோம்.

கருவிகள் ஏன் பிறந்தன?

ஒரு காலத்தில் ஒரே கட்டளையை ஒவ்வோர் உலாவியும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டது. இண்டர்நெட் எக்ஸ்புளோரருக்காக எழுதியது ஃபயர்பாக்ஸில் ஓடாது. அதற்காக எழுதியது இதில் ஓடாது. நிரலாளர்கள் ஒரே வேலையை இருமுறை செய்ய நேர்ந்தது. 2006ஆம் ஆண்டில் ஜான் ரெசிக் என்பவர் ஜேகுவெரி என்னும் கருவியை வெளியிட்டார். நீங்கள் ஒருமுறை எழுதினால் போதும். உலாவிகளின் வேறுபாடுகளை அது சமாளித்துக்கொள்ளும். ஜேகுவெரி உலகெங்கும் பரவியதில் வியப்பில்லை.

அடுத்து வேறொரு சிக்கல் எழுந்தது. பக்கங்கள் பெரியவையாயின. ஒரு செய்தி வந்தால் பக்கத்தில் ஐந்து இடங்களில் எண் மாறவேண்டும். எந்த இலையை எப்போது கிள்ளினோம் என்று நிரலாளரே நினைவில் வைத்துக்கொள்வது கடினமாயிற்று. ஃபேஸ்புக் நிறுவனத்தின் ஜோர்டன் வாக் இதற்கு ஒரு வழி கண்டார். 'இந்த நிலையில் பக்கம் இப்படி இருக்கவேண்டும்' என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள். பழைய தோற்றத்தையும் புதிய தோற்றத்தையும் ஒப்பிட்டு, மாறவேண்டிய இலைகளை மட்டும் கருவியே மாற்றிவிடும். இதுதான் ரியாக்ட். இது 2013ஆம் ஆண்டு மே மாதம் எல்லாரும் பயன்படுத்தும் வகையில் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு எவன் யூ என்பவர் வியூவை வெளியிட்டார்.

2016ஆம் ஆண்டில் ரிச் ஹாரிஸ் என்பவர் ஸ்வெல்ட் என்னும் கருவியைக் கொண்டுவந்தார். இவர் செய்தித்தாள் துறையில் பணியாற்றியவர். ஒப்பிடும் வேலையைப் பயனாளரின் கைபேசியில் செய்வானேன் என்று இவர் கேட்டார். பக்கத்தை வெளியிடுவதற்கு முன்பே, எந்தத் தகவல் மாறினால் எந்த இலை மாறவேண்டும் என்று கணக்கிட்டு, தேவையான கட்டளைகளை மட்டும் எழுதி அனுப்பிவிடலாம் அல்லவா? விருந்தினர் வந்தபின் அடுப்பும் பாத்திரமும் கொண்டுபோய் அவர் வீட்டில் சமைப்பது ஒரு முறை. இங்கேயே சமைத்துச் சாப்பாட்டை மட்டும் அனுப்புவது மற்றொரு முறை. ஸ்வெல்ட்டின் முறை இரண்டாவதைப் போன்றது.

மூன்று கேள்விகள், மூன்று விடைகள்

இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது எது? இது எளிய கேள்விபோல் தோன்றும். ஆனால் எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

உலகில் உள்ள இணையதளங்களில் எது மிகுதியாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், விடை ஜேகுவெரி. டபிள்யூ3டெக்ஸ் என்னும் அமைப்பின் கணக்குப்படி, 2024ஆம் ஆண்டிலும் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட தளங்களில் ஜேகுவெரி இருந்தது. ரியாக்ட் பத்தில் ஒரு பங்கு தளங்களில்கூட இல்லை. இத்தனை பேரும் ஆராய்ந்து பார்த்தா ஜேகுவெரியைத் தேர்ந்தார்கள்? இல்லை. உலகின் தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் வேர்டுபிரஸ் என்னும் மென்பொருளால் இயங்குபவை. வேர்டுபிரஸ்ஸுடன் ஜேகுவெரியும் சேர்ந்தே வருகிறது. வீடு வாங்கும்போது கூடவே வந்த அலமாரியைப் போன்றது அது.

நிரலாளர்கள் எதைக் கையில் எடுக்கிறார்கள் என்று கேட்டால் விடை வேறு. ஸ்டாக் ஓவர்ஃபுளோ நிறுவனம் 2021ஆம் ஆண்டு நடத்திய கணக்கெடுப்பில் சுமார் 40 விழுக்காட்டினர் ரியாக்ட்டைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். 34 விழுக்காடு பெற்ற ஜேகுவெரியை அது முதன்முதலாக முந்தியது அந்த ஆண்டில்தான். ஸ்வெல்ட்டைப் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே.

'இதையே தொடர்ந்து பயன்படுத்த விரும்புகிறீர்களா?' என்று கேட்டபோது மூன்றாவது விடை கிடைத்தது. ஸ்வெல்ட்டைப் பயன்படுத்தியவர்களில் சுமார் 71 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். அந்த ஆண்டு 'மிகவும் விரும்பப்படும் கருவி' என்னும் பெயர் ஸ்வெல்ட்டுக்குக் கிடைத்தது.

அப்படியானால் ஸ்வெல்ட்தான் சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? சற்றுப் பொறுங்கள். அதே கணக்கெடுப்பில் ரியாக்ட்டைத் தொடர விரும்பியவர்கள் சுமார் 69 விழுக்காடு. 71க்கும் 69க்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. மேலும், அந்த 71 எடுக்கப்பட்டது யாரிடமிருந்து என்று பாருங்கள். கல்லூரியில் விருப்பப் பாடம் ஒன்றைத் தாமாகத் தேர்ந்தெடுத்த பத்து மாணவர்களைக் கேட்டால், 'பாடம் மிக நன்று' என்றுதான் சொல்வார்கள். கட்டாயப் பாடத்தில் அமர்ந்திருக்கும் நூறு பேரைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார்கள். இதனால் விருப்பப் பாடம் உயர்ந்தது என்றாகிவிடாது. ஸ்வெல்ட்டைத் தேடிச் சென்றவர்கள் ஆர்வத்தால் சென்றவர்கள். ரியாக்ட்டைப் பயன்படுத்துபவர்களில் பலர் வேலைக்காகப் பயன்படுத்துபவர்கள். அப்படியிருந்தும் நூற்றுக்கு 69 பேர் அதைத் தொடர விரும்பினார்கள் என்பது ரியாக்ட்டுக்குப் பெருமையே.

ஆகவே 'பலர் பயன்படுத்துவது' என்பதும் 'பலர் விரும்புவது' என்பதும் இரண்டு வெவ்வேறு அளவுகோல்கள். இரண்டுமே 'உங்கள் வேலைக்கு ஏற்றது எது' என்னும் கேள்விக்கு நேரான விடை தருவதில்லை.

செய்து பாருங்கள்: பானையும் பாசிமணியும்

ஒரு கருவி எப்படிப் பெரும்பான்மையைப் பிடிக்கிறது? இதை வீட்டிலேயே ஒரு சோதனையால் காணலாம். ஒரே அளவுள்ள சிவப்புப் பாசிமணிகள் 50, கறுப்புப் பாசிமணிகள் 50 எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பானையில் சிவப்பில் 1, கறுப்பில் 1 போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பானையிலிருந்து ஒரு மணியை எடுங்கள். அது சிவப்பானால், அதைத் திரும்பப் போட்டு, கூடவே இன்னொரு சிவப்பு மணியையும் போடுங்கள். கறுப்பானால் அதனுடன் இன்னொரு கறுப்பு மணியைப் போடுங்கள். பிறகு நன்றாகக் குலுக்குங்கள். இப்படி 50 முறை செய்யுங்கள். ஒவ்வொரு பத்து முறைக்கும் சிவப்பின் பங்கு எவ்வளவு என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

முதல் சில முறைகளில் சிவப்பின் பங்கு ஏறியும் இறங்கியும் ஆடும். போகப் போக ஆட்டம் அடங்கி, ஒரு மதிப்பின் பக்கத்தில் நின்றுவிடும். மறுநாள் அதே சோதனையைச் செய்தால் அன்றும் ஆட்டம் அடங்கும். ஆனால் வேறொரு மதிப்பில் அடங்கும்! மணிகளில் எந்த வேறுபாடும் இல்லை. முதலில் கைக்கு எது வந்தது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. முதல் முறை சிவப்பு வந்தால், அடுத்த முறையும் சிவப்பு வரும் வாய்ப்பு 3இல் 2 ஆகிவிடுகிறது. அப்போதும் சிவப்பே வந்தால் 4இல் 3 ஆகிவிடுகிறது.

கணக்கிட்டால் மேலும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. 50 முறைக்குப் பின் பானையில் 52 மணிகள் இருக்கும். அவற்றுள் சிவப்பு 1 முதல் 51 வரை எந்த எண்ணாகவும் இருக்கலாம். எல்லா எண்களுக்கும் வாய்ப்பு சமம். இதிலிருந்து, ஏதேனும் ஒரு நிறம் பானையில் முக்கால் பங்கையோ அதற்கு மேலோ பிடித்துவிடும் வாய்ப்பு 51இல் 26, அஃதாவது பாதிக்குச் சற்று மேல். சாதாரணமாக ஒரு நாணயத்தை 50 முறை சுண்டினால், ஒரு பக்கமே முக்கால் பங்கு விழுவது ஆயிரம் ஆட்டங்களில் ஒன்றில்கூட அரிது. 'உள்ளவனுக்கே மேலும் கொடு' என்ற ஒரே விதிதான் இந்தப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கிவிட்டது.

ஜார்ஜ் போல்யா என்னும் கணித அறிஞரும் எகன்பெர்கரும் 1923இல் ஆராய்ந்த பானைக் கணக்கு இது. தொழில்நுட்பங்களுக்கிடையே நடக்கும் போட்டியும் இவ்வகையைச் சேர்ந்தது என்பதை பிரயன் ஆர்தர் என்னும் பொருளியல் அறிஞர் 1989இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். ஒரு கருவியைப் பத்துப் பேர் எடுத்தால் அதற்குப் பாடநூல் வருகிறது. பாடநூல் வந்தால் நூறு பேர் எடுக்கிறார்கள். நூறு பேர் இருந்தால் நிறுவனங்கள் அக்கருவி தெரிந்தவரையே வேலைக்குத் தேடுகின்றன. அதனால் ஆயிரம் பேர் கற்கிறார்கள்.

ஆனால் கருவிகள் பாசிமணிகள் அல்ல. அவற்றின் தரத்தில் உண்மையான வேறுபாடு உண்டு. நல்ல கருவிக்குத் தொடக்கத்தில் வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஆயினும் அந்தக் கூடுதல் வாய்ப்பு வெற்றிக்கு உறுதி ஆகாது. எனவே ஒரு கருவி முதலிடத்தில் இருப்பதை மட்டும் வைத்து, அதில் எவ்வளவு தரத்தால் வந்தது, எவ்வளவு பானையின் விதியால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கூட்டத்தின் உண்மையான பயன்

அப்படியானால் கூட்டத்தை ஒதுக்கிவிடலாமா? அதுவும் தவறு. ஓர் ஊரில் இரண்டு வகை மிதிவண்டிகள் விற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சற்று நன்றாக ஓடும். ஆனால் அதன் உதிரிப்பாகம் பெருநகரத்தில்தான் கிடைக்கும். மற்றதற்கு எந்தத் தெருமுனைக் கடையிலும் சங்கிலியும் டியூபும் கிடைக்கும். நாள்தோறும் பத்து மைல் போகிறவர் இரண்டாவதை வாங்கினால் அவரை அறிவிலி என்று சொல்ல முடியுமா?

பலர் பயன்படுத்தும் கருவியில் நீங்கள் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டால், அதே சிக்கலில் முன்பே மாட்டிக்கொண்டவரின் விடை எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கும். நாட்காட்டியோ வரைபடமோ தேவையானால், யாரோ செய்து வைத்தது கிடைக்கும். நீங்கள் வேலையை விட்டுப் போனாலும் அதைத் தொடர ஆள் கிடைப்பார். பல்லாயிரம் பேரின் கண் படுவதால் குறைகளும் விரைவில் வெளிப்படும்.

கூட்டத்திற்கு வேறொரு வலிமையும் உண்டு. ரியாக்ட்டுக்கு ஃபேஸ்புக் அளித்த உரிமத்தில், காப்புரிமை பற்றிய ஒரு நிபந்தனை இருந்தது. 2017ஆம் ஆண்டு ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை, அந்த உரிமமுள்ள மென்பொருளைத் தன் திட்டங்களில் சேர்க்கக்கூடாது என்று அறிவித்தது. செப்டம்பரில் வேர்டுபிரஸ்ஸின் தலைவர்களும் ரியாக்ட்டைக் கைவிடப் போவதாகச் சொன்னார்கள். அம்மாதமே ஃபேஸ்புக் அந்த நிபந்தனையை நீக்கி, எம்.ஐ.டி. உரிமம் என்னும் எளிய உரிமத்திற்கு மாறிற்று. ஒரு சிலர் மட்டும் பயன்படுத்தும் கருவியாக இருந்தால் இவ்வளவு விரைவில் இது நடந்திருக்குமா என்பது ஐயமே.

புகழ் நிலையானதா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. கூகுள் நிறுவனத்திலிருந்து 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்குலர்ஜேஎஸ் சில ஆண்டுகளில் மிகவும் புகழ்பெற்றது. எண்ணற்ற நிறுவனங்கள் தங்கள் பக்கங்களை அதன்மேல் எழுப்பின. 2016இல் அதன் அடுத்த பதிப்பு வந்தபோது, அது அடியோடு புதிதாக எழுதப்பட்டிருந்தது. பழைய நிரல்கள் புதியதில் அப்படியே ஓடவில்லை. பழைய ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு அளித்துவந்த ஆதரவைக் கூகுள் 2021 டிசம்பர் 31ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. எனவே பழைய பக்கங்களை வைத்திருந்தவர்கள் அவற்றைத் திரும்ப எழுதவேண்டும். இல்லையேல் பாதுகாப்புத் திருத்தம் வராத கருவியுடன் காலம் தள்ளவேண்டும். புகழும் பெரிய நிறுவனத்தின் பெயரும் இருந்தும் இதைத் தடுக்க முடியவில்லை.

ஜேகுவெரியின் கதை வேறு விதம். உலாவிகளை உருவாக்குவோர் ஒத்த தரங்களுக்கு வந்தார்கள். ஜேகுவெரி எளிதாக்கிய வேலைகளில் பல உலாவிகளிலேயே இடம்பெற்றன. ஆகவே கிட்ஹப் தளம் 2018இல் தன் பக்கங்களிலிருந்து ஜேகுவெரியை முற்றிலும் நீக்கியது. கருவி தோற்றது என்று இதற்குப் பொருளில்லை. அதன் நல்ல கருத்து அடித்தளத்திற்குள் இறங்கிவிட்டது. அதனால் மேலே தனியாக ஒரு கருவி தேவைப்படவில்லை.

இதற்கு மாறாக அடித்தளம் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். இணையதளங்கள் பிறந்த செர்ன் ஆய்வுக்கூடம், 1990களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட அந்த முதல் இணையதளத்தின் பக்கங்களை மீண்டும் பார்வைக்கு வைத்துள்ளது. அவை இன்றைய கைபேசியிலும் திறக்கின்றன. அவ்வளவு பழைய எச்.டி.எம்.எல்.லையும் இன்றைய உலாவி படிக்கிறது.

எடையைச் சுமப்பவர் யார்?

நாம் இதுவரை நிரலாளரைப் பற்றியே பேசினோம். இனிப் பக்கத்தைத் திறப்பவரைப் பற்றிப் பார்ப்போம். மிதிவண்டியை வாங்குபவரும் ஓட்டுபவரும் ஒருவரே. இங்கே கருவியைத் தேர்பவர் ஒருவர். அதன் எடையைச் சுமப்பவர் வேறொருவர்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு பைட் என்பது 8 பிட். மெதுவான இணைப்பு ஒன்றில் நொடிக்கு 400 கிலோபிட் வருகிறது என்றால், நொடிக்கு 50 கிலோபைட் வருகிறது என்று பொருள். யூனிகோடு முறையில் வழக்கமாகத் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. அப்படியிருந்தும் இக்கட்டுரை முழுவதும் 100 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அஃதாவது இரண்டே நொடியில் வந்து சேரும். எச்.டி.டி.பி. ஆர்க்கைவ் என்னும் அமைப்பின் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி, கைபேசிக்கு வரும் பக்கங்களை ஜாவாஸ்கிரிப்ட்டின் அளவுப்படி வரிசைப்படுத்தினால், நடுவில் நிற்கும் பக்கத்தில் அது 500 கிலோபைட்டைத் தாண்டுகிறது. அது வந்து சேர 10 நொடிக்கு மேல் ஆகும்.

வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. அதே எடையுள்ள ஒரு புகைப்படத்தை உலாவி விரித்துத் திரையில் வரைந்துவிட்டால் வேலை முடிந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டையோ படிக்கவேண்டும், பொருள் கொள்ளவேண்டும், பிறகு இயக்கவேண்டும். இவ்வளவையும் செய்வது கைபேசியின் செயலி. விலையுயர்ந்த கைபேசியில் ஒரு நொடியில் முடியும் வேலை, மலிவான கைபேசியில் பல நொடிகள் ஆகும். பொத்தான் திரையில் தெரியும், அழுத்தினால் அசையாது. விண்ணப்பத்தின் கடைசி நாளன்று இப்படி நின்றுபோகும் பக்கத்தின்முன் உட்கார்ந்திருப்பவருக்கு, அது எந்தக் கருவியில் எழுதப்பட்டது என்பது தெரியாது. தன் கைபேசிதான் பழுது என்று அவர் எண்ணிக்கொள்வார்.

இந்த எடை முழுவதற்கும் ரியாக்ட்டைக் குறை சொல்லக்கூடாது. அதன் 18ஆம் பதிப்பு, சுருக்கி அனுப்பும்போது ஏறத்தாழ 45 கிலோபைட்தான். அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கும் துணைக்கருவிகளால்தான் சுமை ஏறுகிறது. ஆனால் எதையும் எளிதாக எடுத்து அடுக்கலாம் என்பதுதானே புகழ்பெற்ற கருவியின் கவர்ச்சி! அதன் பயனும் சுமையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் முகப்புப் பக்கத்தில், இன்னும் உறுப்பினராகாத ஒருவர் செய்யக்கூடியது மிகச் சில. ஒரு படம் இருக்கும். சில வரிகள் இருக்கும். சேர்வதற்கான பொத்தான் இருக்கும். 2017இல் அப்பக்கத்தில் பயனாளரின் பக்கம் ஓடிய ரியாக்ட்டை எடுத்துவிட்டுச் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட்டை வைத்துப் பார்த்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் எடை 200 கிலோபைட் குறைந்தது. பக்கம் பயன்படுத்தத் தயாராகும் நேரம் பாதியாயிற்று. கவனியுங்கள்: அவர்கள் ரியாக்ட்டைத் தூக்கி எறியவில்லை. தங்கள் சர்வரில் பக்கத்தைத் தயாரிக்க அதையே தொடர்ந்து பயன்படுத்தினார்கள். எங்கே தேவையோ அங்கே வைத்துக்கொண்டார்கள். எங்கே தேவையில்லையோ அங்கிருந்து எடுத்தார்கள். பிரிட்டிஷ் அரசின் இணையதளமும் 2022இல் ஜேகுவெரியை நீக்கிப் பக்கத்துக்கு 32 கிலோபைட் குறைத்தது. மெதுவான இணைப்பும் பழைய கருவியும் உள்ளவர்களுக்கே அதனால் நன்மை மிகுதி.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

இயற்பியல் சோதனைக்கூடத்தில் ஒரு நீளத்தை அளக்க வேண்டுமானால், எல்லாரும் எடுக்கும் கருவியை எடுப்பதில்லை. அளக்கவேண்டியது கம்பியின் தடிமனானால் திருகு அளவியை எடுக்கிறோம். மேசையின் நீளமானால் அளவுகோலை எடுக்கிறோம். முதலில் பொருளைப் பார்க்கிறோம், பிறகுதான் கருவி. இணையப் பக்கத்திலும் இதே வரிசையில் நான்கு கேள்விகளைக் கேட்கலாம்.

1. பக்கம் படிக்கவா, இயக்கவா? கட்டுரை, அறிவிப்பு, தேர்வு முடிவு, சிறு விண்ணப்பம் போன்றவற்றிற்கு எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டும் ஏறக்குறையப் போதும். நொடிக்கு நொடி பல இடங்களில் மாறும் வங்கிக் கணக்குப் பலகை போன்றவற்றிற்கே பெரிய கருவி தேவை.

2. யார், எந்தக் கைபேசியில் திறப்பார்? மலிவான கைபேசியும் மெதுவான இணைப்பும் உள்ளவர்கள் மிகுதியானால் எடை குறைந்த கருவிக்கே முதலிடம்.

3. நமக்குப் பின் யார் பராமரிப்பார்? பலர் மாறி மாறிப் பணியாற்றும் பெரிய நிறுவனத்தில் பலருக்கும் தெரிந்த கருவி நன்மை தரும். நீங்கள் ஒருவரே பொறுப்பேற்கும் சிறிய பக்கமானால், உங்களுக்குப் பிடித்த கருவியை எடுப்பதில் தவறில்லை.

4. கருவி நின்றுபோனால் எவ்வளவு இழப்பு? கருவியை மாற்றும்போது எத்தனை பகுதிகளைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும் என்று முன்பே எண்ணிப் பாருங்கள். ஆங்குலர்ஜேஎஸ் தந்த பாடம் இது.

இவற்றிற்கு விடை கண்டபின்னும் இரண்டு கருவிகள் சமமாக நின்றால், அளந்து பாருங்கள். ஒரே சிறு பக்கத்தை இரண்டிலும் எழுதுங்கள். உலாவியில் நிரலாளர்களுக்கான பகுதியில், இணைப்பின் வேகத்தைச் செயற்கையாகக் குறைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதைக் குறைத்துவிட்டுப் பக்கம் எத்தனை நொடியில் பயனுக்கு வருகிறது என்று குறியுங்கள். வீட்டில் இருப்பதில் மிகப் பழைய கைபேசியிலும் திறந்து பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும். பத்து நண்பர்களின் கருத்தைவிட அந்த இரண்டு எண்கள் உங்களுக்கு மிகுதியாகச் சொல்லும்.

மாணவர்களுக்கு

'இதெல்லாம் சரி. எனக்கு வேலை வேண்டும். ஆறு மாதம்தான் இருக்கிறது. எதைப் படிப்பது?' என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி.

அந்த ஆறு மாதத்தில் முதல் பாதியை அடித்தளத்திற்குக் கொடுங்கள். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் எந்தக் கருவியின் துணையுமின்றிப் பழகுங்கள். உலாவியின் மரத்தில் ஓர் இலையை உங்கள் கையாலேயே மாற்றிப் பாருங்கள். இந்த அறிவு எந்தக் கருவி வந்தாலும் போனாலும் உங்களுடன் இருக்கும். அடுத்த பாதியில், நீங்கள் வேலை தேடும் நிறுவனங்கள் கேட்கும் கருவியைப் படியுங்கள். அது பெரும்பாலும் ரியாக்ட்டாகவே இருக்கலாம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஊரில் ஓடும் பேருந்தில்தானே நாம் ஏறமுடியும்! நேரம் கிடைக்கும்போது, சிலரே விரும்பும் வேறொரு கருவியிலும் ஒரு சிறு பக்கம் செய்யுங்கள். ஒரே வேலையை இரண்டு வழிகளில் செய்து பார்த்தவருக்குத்தான், எது வேலையின் இயல்பு, எது கருவியின் பழக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியும்.

பிறகு ஒரு நாள் நீங்களே கருவியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் அமர்வீர்கள். அன்று 'எல்லாரும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்' என்று ஒருவர் சொல்வார். 'எனக்கு இதுதான் பிடிக்கும்' என்று இன்னொருவர் சொல்வார். இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டிலும் உண்மை உண்டு. பின்பு, இந்தப் பக்கத்தைத் திறக்கப்போகிறவர் யார் என்று கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் அவர் இருக்கமாட்டார். அவருக்காகப் பேசவேண்டியவர் நீங்கள்தாம்.